பதில் வராத மஞ்சள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. இந்துமதியிடமிருந்து வாங்கியது. வாங்கியது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். என் கடையில் உட்கார்ந்து அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு டீ சொல்லி ஆறுதலாக நாலு வார்த்தை பேச வேண்டிய நான், ‘அடடா, இதை எழுதலாமே’ என்று நினைத்தேன். எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்?

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் லேபிள் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பனியனுக்குள் விலாப் பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு குத்திக்கொண்டே இருக்குமே, ‘குளிர்ந்த நீரில் துவைக்கவும், பிளீச் போடாதீர்’ என்று ஏழெட்டு மொழிகளில், அது என் கைங்கரியம். உலகம் முழுக்க மக்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒருவர்கூடப் படிக்காத எழுத்து. அந்த வயிற்றெரிச்சலில்தான் கதையும் எழுதுகிறேன்.

இந்துமதி நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. லேபிள் விஷயமாக என் கடைக்கு வருவார். அன்று வந்தது லேபிளுக்காக அல்ல.

2

முதல் தொடக்கம்:

அன்று காலையிலிருந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த

வேண்டாம். வெள்ளக் கதையென்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சொன்னானோ. அன்று திருப்பூரில் பொட்டு மழை இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடித்தது. வெள்ளம் வந்த ஊர் ஸ்பெயினில் இருக்கிறது. [ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள். தேடுகிற வேலையை இந்துமதி ஏற்கெனவே வேண்டிய மட்டும் செய்துவிட்டார்.] அந்த ஊரிலும் அன்று சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லையாம். மேலே மலையில் கொட்டியது கீழே வந்திருக்கிறது. நமக்கு இது புரியும். கோயமுத்தூர் மலையில் பெய்தால், இங்கே குடையை எடுக்காமலே நொய்யலில் தண்ணீர் புரளுவதைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர்கள்தானே நாம்.

இரண்டாவது தொடக்கம்:

நூரியா இறந்துபோன செய்தி

ஐயோ. இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகப் போய்விட்டது. கதைக்கு ஒரு சாவு இருந்தால் கனம் கூடும் என்று கைக்குப் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. அடித்துவிட்டேன். என் யோக்கியதை உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம்:

டியர் நூரியா, ஜென்டில் ரிமைண்டர்.

இதுதான் சரி. உண்மையில் இப்படித்தான் தொடங்கியது.

3

நூரியா அந்த ஸ்பெயின் கம்பெனியில் கலர் பார்க்கிறவர். குழந்தைகளுக்கான கோடைக்கால டீ-ஷர்ட், மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் எடுத்த எடுப்பில் சாயத்தில் போட்டுவிட முடியாது. சாயப்பட்டறையில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தில் மூன்று சின்னத் துண்டுகள் நனைத்துக் கொடுப்பார்கள். ஏ, பி, சி. ஒவ்வொன்றிலும் பாதியை இங்கே வைத்துக்கொண்டு மறு பாதியைக் கூரியரில் அனுப்பினால் நூரியா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து ஒன்றைச் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏறும். அதுவரை துணி வெள்ளையாகக் கிடக்கும். வெட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது.

கூரியர் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் வரவில்லை. இந்துமதி ஒரு ரிமைண்டர் போட்டார். அடுத்ததில் ‘ஜென்டில்’ போய்விட்டது. மூன்றாவது முழுக்கப் பெரிய எழுத்தில்: இன்று மாலைக்குள் பதில் இல்லையென்றால் ஷிப்மெண்ட் தாமதத்துக்கு நீங்களே பொறுப்பு.

அந்த மூன்றாவது மெயில் போனபோது நூரியாவின் ஊரில் தெருவோடு கார்கள் மிதந்துகொண்டிருந்தன. கைபேசிக்கு எச்சரிக்கை வருவதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டதாம்.* செய்தி வீடியோ ஒன்றில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இந்துமதி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பார்சலின் மேலும் அவர் தன் கையால் எழுதிய பெயர் அது.

“மூஞ்சியக்கூடப் பார்த்ததில்லைங்ணா. ஒருக்கா மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசுனாங்க. பின்னால ஒரு நாய் கொலச்சுது. அவங்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

* காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். தாங்குகிற வரை நல்லதுதான். பிழிகிறபோதுதான் வம்பு. அந்த ஒரே வருடத்தில் பாலைவனத்து விமான நிலையம் ஒன்று மூழ்கியது, பிரேசிலின் தென்கோடி மூழ்கியது, கடைசியில் ஸ்பெயின். அதற்கு முந்தைய மார்கழியில் நம் தூத்துக்குடிப் பக்கம். இதையெல்லாம் கதைக்குள் வைத்தால் கட்டுரை வாடை அடிக்கும் என்று கீழே வைத்தேன். இருந்தாலும் படியுங்கள்.

4

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். ‘சில வருடங்களுக்கு முன் நல்லூரில் ஓடை உடைத்துக்கொண்டு கம்பெனிக்குள் தண்ணீர் வந்தபோது நூரியா எழுதினார்: துணி போனால் போகட்டும், முதலில் மனிதர்களைப் பாருங்கள்.’ எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் அப்படிப் பெருந்தன்மையாக எழுதினார், இவரோ வெள்ளத்தின் நடுவில் பெரிய எழுத்தில் மிரட்டினார். எவ்வளவு அழகான சமன்!

பிறகொரு நாள் இந்துமதியிடம் படித்துக் காட்டினேன்.

“ஏனுங்ணா, நீங்களா எதுக்குங்க இப்படியெல்லாம் போடறீங்க? அவங்க அப்படி எழுதவேயில்லைங்க. தண்ணி வந்துருச்சுன்னு போட்டோவோட மெயில் போட்டனுங்க. லேட் ஷிப்மெண்ட்டுக்கு டிஸ்கவுண்ட் வேணும்னுதான் பதில் வந்துது. அதுக்கு அடியில ஒரே ஒரு வரி, ஆர் யூ ஓகேன்னு.”

“அதுக்கு நீங்க என்ன எழுதுனீங்க?”

“டிஸ்கவுண்ட் குடுக்க முடியாதுன்னு எழுதுனனுங்க.” பிறகு, “ஓகேன்னும் எழுதுனேன்” என்றார்.

ஆகவே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நான் ஜோடித்ததைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரவர் வேலையை விட்டுக்கொடுக்காமல், வேலைக்கு அடியில் ஒரு வரியில் நலம் விசாரித்துக்கொண்ட இரண்டு பெண்கள். அந்த ஒரு வரியைத் தன் மூன்றாவது மெயிலில் தான் எழுதவில்லையே என்பதுதான் இந்துமதியின் துக்கம்.

5

முதலாளி மகுடேஸ்வரன் மேசையை ஓங்கிக் குத்தி

இல்லை. அவரை வில்லனாக்கப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவர் முதலில் கேட்டதே இதைத்தான்: “நூரியாங்கறது பாய் ஊட்டுப் பொண்ணா கண்ணு?”

“தெரியலீங்க சார். கிறிஸ்டியனா இருக்கும்ங்க.”

“இல்ல, எந்தச் சாமிக்கு வேண்டிக்கறதுன்னு தெரியோணுமில்ல, அதுக்குத்தான் கேட்டேன்.”

பிறகுதான் வேலைக்கு வந்தார். ஸ்பெயின் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது. அது வேறு ஊரில், மேட்டில் இருக்கிறது. நூரியாவைத் தொடர்புகொள்ள முடியவில்லை, நீங்களே நெருக்கமான கலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேலையை ஆரம்பியுங்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்றிருப்பார்கள்.

“நீயே ஒண்ணப் பார்த்து எடுத்துக் குடுத்துரு கண்ணு. நாளைக்கு உட்டா சாயப்பட்டறைல நம்ம முறை போயிரும்.”

“நான் எடுத்துட்டன்னா அவங்க இல்லைன்னு ஆயிருமுங்க சார்.”

மகுடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாளை மதியம் வரைக்கும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

கட்டிங் மாஸ்டர் முனீஸ் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துக்காரர். வெட்டுவதற்குத் துணி இல்லாமல் காலி மேசைமேல் உட்கார்ந்திருந்தார்.

“மஞ்சன்னா மஞ்சதானக்கா. பிள்ளைங்க போட்டுக்கிட்டு மண்ணுல புரளப்போவுது. இங்க டைலருங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க. பீஸ் ரேட்டுக்கு வர்றவங்க, தச்சாத்தான் கூலி. நாளைக்கும் வேலை இல்லன்னா அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்க. அப்புறம் கலர் வந்து என்ன செய்ய?”

இந்துமதியின் முகத்தைப் பார்த்ததும் முனீஸின் குரல் இறங்கிவிட்டது.

“எங்க ஊர்ல வெள்ளம் வந்துச்சுல்லா, அம்மாகிட்ட இருந்து போனே இல்ல. செத்துட்டான்னே நெனச்சி நான் இந்த மேசையிலதான் விழுந்து அழுதேன். அவ என்னடான்னா மச்சில உக்காந்து பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிய மடியில வச்சிக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கா. டவர் விழுந்தாலும் போன் எடுக்காதுக்கா. போன் வரலன்னா டவர் விழுந்துச்சுன்னு மட்டுந்தான் அர்த்தம்.”

[இந்த ஆட்டுக்குட்டியை நான் சேர்த்ததாக நினைக்காதீர்கள். முனீஸ் செல்போனில் படமே வைத்திருக்கிறார்.]

எடுத்தால் நூரியாவைக் கைவிட்டதாகிவிடும். எடுக்காவிட்டால் டைலர்களைக் கைவிட்டதாகிவிடும். அன்று மாலைதான் இந்துமதி என் கடைக்கு வந்து அழுதார். மறுநாள் காலை அந்த மூன்று மஞ்சள்களோடு மறுபடியும் வந்தார்.

6

அதற்குள் நான் முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

(அ) நூரியாவின் முகவரியிலிருந்து மெயில் வருகிறது, ஆனால் கீழே வேறொருவர் பெயர். [இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே பயமாகவும் இருந்தது.]

(ஆ) துணி கப்பலேறுகிறது. பல மாதம் கழித்து ஒரு தெருப் படத்தில் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட குழந்தையின் பின்னால் ஒரு பெண், அவள் கையில் ஒரு நாய். [சினிமா.]

(இ) நூரியா பதில் எழுதுகிறார்.

மூன்றாவதை ஆங்கிலத்திலேயே எழுதி, கடைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தேன். ‘டியர் இந்துமதி, நான் நலம். மாடியில் இருந்தோம். உன் மெயில்களை இப்போதுதான் பார்த்தேன், கவலைப்படாதே. பி நன்றாக இருக்கிறது. ஓகே.’

ஆறுதலாக இருக்கும் என்றுதான் காட்டினேன். சத்தியமாக வேறு எண்ணமில்லை. அவர் படித்தார். திரும்பவும் படித்தார். முகம் சுருங்கியது.

“இது நூரியா இல்லைங்ணா.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அவங்க நன்றாக இருக்கிறதுன்னு ஜென்மத்துக்கும் எழுத மாட்டாங்க. கொறை சொல்லாத ஒரு மெயில் வந்ததில்லைங்க. அதுவுமில்லாம பி-யா? பி-யவா ஓகே பண்ணுவாங்க?”

பையிலிருந்து மூன்று துண்டுகளையும் எடுத்தார். என் கடையின் குழல்விளக்கு ஆகாது என்று வாசலுக்குப் போய் வெயிலில் நின்றார். எனக்கு மூன்றும் ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தன.

“இங்க பாருங்க, பி-ல பச்சையடிக்குது. மஞ்சள்ல பச்சை தெரிஞ்சா அவங்களுக்கு ஆகவே ஆகாது. சீக்காளிப் புள்ளையாட்டத் தெரியும்னு எழுதுவாங்க. போன வருசம் இதுக்கே மறுக்கா மறுக்கா நனைக்க வெச்சாங்க.” பி-யை என் கையில் கொடுத்தார். “ஏ-வப் பார்த்தா பழசாட்ட இருக்குதும்பாங்க. தொவைக்காமயே தொவைச்ச மாதிரின்னு.” அதையும் கொடுத்தார்.

அவர் கையில் சி மட்டும் இருந்தது.

அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கதாசிரியர்கள் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்தது ஏ-யும் பி-யும்தான்.

இந்துமதி போனை எடுத்துச் சாயப்பட்டறைக்கு அடித்தார்.

“அண்ணா, சி போட்டுக்குங்க… ஆமாங்க… ஆமாங்க, அப்ரூவல் வந்துருச்சுங்க.”

இந்தக் கதையிலேயே அசல் புனைவு அந்த ஒரு வாக்கியம்தான். அது நான் எழுதியதல்ல. பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

7

கிளம்பும்போது கேட்டார்: “இத எழுதத்தானுங்க போறீங்க?”

மழுப்பிப் பார்த்தேன். நடக்கவில்லை.

“எழுதிக்குங்க. ஆனா அவங்களச் சாகடிச்சுராதீங்ணா.”

“சரிங்க. அப்ப காப்பாத்தீரட்டுமா? எனக்கு ஒரு வரி வேலை.”

உண்மையிலேயே ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

“வேண்டாமுங்க. நீங்க காப்பாத்திப் போட்டீங்கன்னா படிக்கறவங்க நிம்மதியா மூடி வெச்சுருவாங்க. நான் இன்னும் தெனமும் மெயிலத் தொறந்து பார்த்துட்டுத்தான இருக்கறேன்.”

நான்காவதாக ஒரு மெயில் போட்டிருப்பதாகவும் சொன்னார். பெரிய எழுத்து இல்லை, கலர் இல்லை, ஷிப்மெண்ட் இல்லை, ஒரே வரி. என்ன வரி என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதை எழுதும் நேரத்தில் நல்லூரில் தையல் ஓடுகிறது. முனீஸ் வெட்டிக்கொண்டிருக்கிறார். மகுடேஸ்வரன் எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டார் என்று தெரியவில்லை. பதில் வரவில்லை.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். கதையின் முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது எங்கள் வழக்கம். இந்த முறை அப்படிச் செய்யவில்லை. நீங்கள் நல்லவர்கள், அந்தப் பெண்ணை எப்படியாவது ஒரு மாடியில் ஏற்றி உட்கார வைத்துவிட உங்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும்தான். ஆனால் இது நூரியாவின் இடம். தயவுசெய்து நீங்கள் எழுதாதீர்கள். அவர் எழுதட்டும்.

[                                        ]