சூசையப்பர் கீழ்நோக்கிக் கட்டிய வீடு

பாதாம் பூத் தெருவில், இடலினா வீட்டு வாசல் புல்தரையில் தலைகீழாகப் புதைக்கப்பட்டிருந்த புனித சூசையப்பர், 2007-ஆம் ஆண்டு நவம்பரில் மண்ணுக்கடியில் தச்சு வேலையைத் தொடங்கினார். முதலில் ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு சுத்தியல். ஞாயிறு மட்டும் ஓய்வு. நகராட்சியிலிருந்து வந்த கட்டட ஆய்வாளர் புல்லில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டார். தரைக்கு மேலே எழும்பாத வரைக்கும் தனக்கு இதில் வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு விலைகள் சரிந்த அந்த வருடம் எங்கள் லாஸ் பானோஸ் ஊர் முழுவதிலும் வீடு கட்டும் சத்தம் கேட்ட ஒரே இடம் அதுதான். வேலை போன தச்சர்கள் மாலையில் வந்து, வேலியோரம் காரை நிறுத்தி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

சூசையப்பர் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வீட்டுத் தரகர் டாரல் ஃபகுண்டஸ். எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அவர் முகம் இருக்கும், மளிகைக் கடைத் தள்ளுவண்டியில் அவர் முகம் இருக்கும், நாம் வாங்கிய தக்காளியெல்லாம் அவர் பல்லுக்கு எதிரே உட்கார்ந்துதான் வீட்டுக்கு வரும். வீடு வாங்கவோ விற்கவோ அவரிடம் போகவில்லையென்றால் மனஸ்தாபமாகிவிடும், ஏனென்றால் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அவர் ஏதாவது ஒரு முறையில் சொந்தம். இடலினாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் வம்பே. தான் சொல்வதை ஊரில் முதலில் நம்புகிறவர் அவர்தான்.

இடலினாவின் கணவன் நோர்பெர்த்தோ பால் பண்ணையில் வேலை பார்த்தான். முதலாளி மாடுகளை ஓட்டிக்கொண்டு தூரத்து ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டதால் அவனும் போகவேண்டியதாயிற்று. அங்கே பண்ணைக்காரர்கள் கொட்டடியில் ஆண்களுக்கு மட்டும் படுக்கை. வீட்டுக் கடனையும் கட்டிக்கொண்டு அங்கே ஒரு வாடகையும் கொடுக்க மாடு கறக்கிறவன் சம்பளம் எட்டாது. ஆகவே இடலினா இருந்து வீட்டை விற்றுவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. "ரெண்டு மாசம்கூட ஆகாது, மாப்பிள்ளை. நீங்க போய்ப் போர்வையை விரிச்சு வைங்க" என்றார் டாரல். அது 2006-ஆம் ஆண்டு இலையுதிர்காலம்.

முதல் வாரமே ஆள் வந்தது. சான் ஹோசேயிலிருந்து ஒரு நர்ஸும் அவள் கணவனும் வந்து, சமையலறை ஜன்னல் வழியாகப் பாதாம் தோப்பைப் பார்த்தார்கள். கேட்ட விலைக்குக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்கள். இடலினாவுக்குக் கொடுத்துவிட ஆசை. டாரல் சிரித்தார்.

"அவசரப்படாத, தங்கச்சி. இனிமே பனிக்காலம், எவனும் வீடு வாங்க மாட்டான். பாதாம் பூக்கட்டும். இந்தத் தெருவுல வரிசைகட்டி நிப்பானுங்க."

"நிக்கலேன்னா?"

"நானே வாங்கிக்கிறேன், போ. இதே தெருவுல நாலு வீடு வாங்கிப் போட்டிருக்கேன், தெரியுமில்ல? நான் என்ன பைத்தியமா?"

ஐடஹோவிலிருந்து போனில் நோர்பெர்த்தோவும் மச்சானுக்குத் தெரியாததா என்றான். நர்ஸ் திரும்பிப் போகும்போது ஜன்னலை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். இடலினாவின் வாழ்க்கையில் நடந்த பெரிய தப்பு அதுதான். அந்த நிமிடம் அது தப்பு மாதிரியே இல்லை.

பிப்ரவரியில் பாதாம் பூத்தது. வரிசையாக வந்தவை தேனீப் பெட்டி ஏற்றிய லாரிகள் மட்டுமே. டாரல் விலையைக் குறைத்தார், இதுதான் அடிமட்டம் என்றார். கோடையில் மறுபடி குறைத்து, போன தடவை சொன்னது அடிமட்டம் இல்லை, இதுதான் என்றார். சுவரிலிருந்த கல்யாணப் படத்தையெல்லாம் கழற்றச் சொன்னார், பார்க்க வருகிறவன் அங்கே தன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்துச் சந்தன நிறத்தில் பூசச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்வைக்கு வீட்டைத் திறக்கும்போது இனிப்பு ரொட்டி சுடச் சொன்னார், வாசனைக்கு மனசு இளகும் என்று. இடலினா ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, விற்பவர் இருந்தால் வாங்குபவர் கூச்சப்படுவார் என்று டாரல் சொன்னதால், தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். பூசை முடிந்து ஊரே வந்தது. ரொட்டி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் டாரலின் பேச்சுக்கு ஊரில் வேறு மதிப்பு வந்துவிட்டது. அவர் ஏறும் என்றால் இறங்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். முடி வெட்டும் கடையில் அவர் நுழைந்தால், "வாங்க டாரல், இன்னைக்கு என்ன நல்ல செய்தி? சொல்லிட்டீங்கன்னா நாங்க அழ ஆரம்பிச்சிடுவோம்" என்பார்கள். திருவிழாச் சாப்பாட்டில் ஒருவர் அவர் வாயைக் கையால் பொத்தி, "அடிமட்டம்னு மட்டும் சொல்லாதப்பா, எனக்கு வீடு இருக்கு" என்றார். டாரலும் சேர்ந்து சிரித்தார். இடலினா மட்டும் சிரிக்கவில்லை. ஊர் நம்பாமல் இருக்கலாம், ஊருக்குப் புருஷன் பக்கத்தில் இருந்தான். அவளுக்கு அவர் சொல்லைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை.

வீடு விற்க சூசையப்பரைத் தலைகீழாகப் புதைப்பது இங்கே பழைய வழக்கம். விற்ற பிறகு தோண்டியெடுத்துப் புது வீட்டில் மரியாதையாக வைத்துவிடுவார்கள். டாரல் பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் சூசையப்பர் வாங்கி, காலண்டரோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடலினாவின் முறை வந்தபோது பெட்டி காலி, அவ்வளவு வீடுகள் விலைக்கு நின்றன. அவள் தன் அம்மா அசோர்ஸின் டெர்சேய்ரா தீவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மரச் சூசையப்பரை அலமாரியிலிருந்து எடுத்து, மன்னிப்புக் கேட்டு, விற்பனைப் பலகையின் காலடியில் புதைத்தாள். பிளாஸ்டிக்காரர்கள் அவரவர் குழியில் சும்மா கிடந்தார்கள். மரத்தவருக்கு மட்டும் உயிரோடிருந்த காலத்துத் தச்சுத் தொழில் மறக்கவில்லை.

அடுத்த வருடம் சுத்தியல் நின்ற மறுநாள் பலகையின் கீழே ஒரு கதவு இருந்தது. தூக்கினால் படி. இடலினாவும் டாரலும் விளக்கோடு இறங்கினார்கள். படியின் பாதியில் வயிற்றில் ஒரு புரட்டல் வந்தது, அதற்குப் பிறகு பார்த்தால் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேல் வீட்டின் தரையையே தன் தரையாக வைத்துக்கொண்டு, குளத்தில் விழுந்த நிழல் மாதிரி, இன்னொரு வீடு கீழ்நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதே அறைகள், அதே ஜன்னல்கள், ஜன்னலுக்கு வெளியே பாதாம் வேர்கள். சுவர்களில் கல்யாணப் படம் மாட்ட ஆணிகள் அடித்துத் தயாராக இருந்தன. இடலினா அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். சமையலறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. மூன்றாவது நாற்காலி ஒன்று கூரையில் தலைகீழாக அறையப்பட்டிருந்தது.

"அங்க எதுக்கு நாற்காலி?" என்று கேட்டாள்.

"அலங்காரம். இப்போ இதுதான் மோஸ்தர்" என்றார் டாரல். அவருக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. "கூடுதல் தளம், தங்கச்சி. விளம்பரத்துல போட்டா விலை எங்கேயோ போயிடும். பாதாம் பூக்கட்டும்."

விளம்பரத்தில் போட்டும் பார்த்தார்கள். வந்து பார்த்த ஊர்க்காரர்களுக்குப் படியில் வந்த புரட்டல் பிடிக்கவில்லை. வந்து பார் என்று இடலினா நோர்பெர்த்தோவைக் கெஞ்சினாள். மாடுகளுக்கு விடுமுறை கிடையாது, இரண்டு வேளையும் கறக்க வேண்டும். தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகியது, பேச்சும் பனி, மடி நோய், தீவன விலை என்று குறுகியது. ஒருமுறை அவன், "உன் குரல் எப்பவும் தலைக்கு மேலேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து தவணை கட்டினாள். முடிந்தவரை கட்டினாள், பிறகு முடியவில்லை. வீட்டை எடுத்துக்கொண்ட வங்கி, கதவில் காகிதம் ஒட்டிப் பூட்டை மாற்றியது. அந்தக் காகிதத்தில் தரைக்கு மேலே உள்ளதைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தது. விற்க வேண்டிய வீடே போன பிறகு ஐடஹோவுக்கே போயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே இன்னமும் ஆண்கள் கொட்டடிதான், கடனில் பெயர் கெட்டவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. இடலினா பானைகளையும் படங்களையும் தூக்கிக்கொண்டு கீழே குடிபோனாள்.

மேல் வீட்டை வங்கியிடமிருந்து யார் வாங்கியது என்று நினைக்கிறீர்கள்? அதே நர்ஸும் அவள் கணவனும்தான், முன்பு சொன்னதில் பாதிகூடக் கொடுக்காமல். நல்ல மனுஷர்கள். புல் வெட்டும்போது கதவைச் சுற்றிக் கவனமாக வெட்டுவார்கள். டாரலின் நான்கு வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின, ஐந்தாவதாக அவர் குடியிருந்ததும் போயிற்று. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அவர் முகத்தின் மேல் ஒரு பல் வைத்தியர் முகத்தை ஒட்டினார்கள். ஒரு மழைநாளில் பெட்டியோடு வந்து அந்தக் கதவைத் தட்டினார்.

"ஒரு வாரம் மட்டும், தங்கச்சி. நிலைமை திரும்பப் போகுது."

"பின்னறையில இருந்துக்கங்க, அண்ணே" என்றாள். என்ன செய்வாள், வைதால் வீடு திரும்பி வருமா?

பண்ணையில் தனக்குப் பதிலாகக் கறக்க ஆள் கிடைத்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு நோர்பெர்த்தோ வந்தான். மூன்று வருடம் கழித்து. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் தரையோடு படியும் டூலி மூடுபனியில் தெரு தெரியவில்லை, நர்ஸ் கையைப் பிடித்துக் கதவைக் காட்டினாள். இடலினா ரொட்டி சுட்டு, தலை வாரி, படியைப் பார்த்து நின்றாள். அவன் இறங்கினான். பாதியில் அவனுக்கு எந்தப் புரட்டலும் வரவில்லை. டாரல் ஞாயிறுதோறும் வந்து போனவர், இடலினா அங்கேயே கிடந்தவள். வீடு விலையிலும் மண்ணிலும் இறங்கிக்கொண்டே போன அத்தனை நாளும் ஊரே கூட இருந்தது, நோர்பெர்த்தோ மட்டும் இல்லை. அவன் நேராக இறங்கி, சமையலறைக் கூரையில் காலூன்றி நின்றான். இடலினா தரையில் நின்றாள். கூரை தாழ்வானதால் முகத்துக்கு எதிரே முகம் வந்தது, அவள் கண்ணுக்கு நேரே அவன் வாய்.

"இளைச்சுட்டியே" என்றாள்.

"நீதான் இளைச்சிருக்க. இல்ல, இங்கேருந்து பாக்குறதுனால அப்படியோ என்னவோ."

டாரல் அவன் கைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வெளியே போய் மறுபடி இறங்கச் சொன்னார்கள், கண்ணை மூடி இறங்கச் சொன்னார்கள், இடலினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு தடவையும் பாதிப்படியில் பிடி நழுவியது. கணக்காகப் பார்த்தால் நேராக நிற்பவன் அவன்தான், அதைச் சொல்லி யாருக்கு என்ன பிரயோசனம். அவள் கண்ணீர் தரையில் விழுந்தது, அவன் கண்ணீர் கூரையில் விழுந்தது. கடைசியில் களைத்துப்போய், பின்னால் கையால் துழாவி, அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவன் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. மரம் அறுத்த முதல் நாளே சூசையப்பருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறான், புத்தாண்டு வரை இருந்துவிட்டுப் போகிறான். இரவில் அவள் தரையிலும் அவன் கூரையிலும் படுத்து, விளக்கை அணைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டாரல் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அண்ணாந்து பார்த்து, "பாதாம் பூக்கட்டும், மாப்பிள்ளை. தானா எறங்கிடுவீங்க" என்று சொல்லாத நாளில்லை. அதைக் கேட்டு இப்போது யாரும் சிரிப்பதில்லை. இடலினா ரொட்டியை மூன்றாக வெட்டுவாள். ஒரு துண்டை டாரல் பக்கம் தள்ளுவாள், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்வாள், மூன்றாவதைத் தலைக்கு மேலே நீட்டுவாள். நோர்பெர்த்தோவும் தன் தலைக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொள்வான்.