வெள்ளை ஒயினுக்கு அகலக் கிளாஸ்

அலமாரியைத் திறந்து, அகன்ற வயிறுள்ள கிளாஸ்களாகப் பார்த்து எடுத்தாள். அவை சிவப்பு ஒயினுக்கானவை. மேஜையில் குளிர்ந்து வியர்த்துக்கொண்டிருந்ததோ வெள்ளை. வெள்ளைக்குச் சின்ன வாய் வேண்டும், சீக்கிரம் சூடாகிவிடக் கூடாது. நுரைக்கிற ஒயினுக்கு ஒல்லியாக, உயரமாக. சிவப்புக்குத்தான் மூச்சுவிட இடம் வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கணவன் அடித்தே சொல்லிக்கொடுத்திருந்தான். ஒருமுறை கிளாஸ் மாறிப்போய் வாங்கிய அறையில் இடது காது வாரக்கணக்கில் இரைந்துகொண்டிருந்தது. பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். அங்கே யாராவது கிளாஸை மாற்றி வைத்தால் சிரித்துக்கொண்டே சரிசெய்வானாம். சிரிப்பெல்லாம் அங்கேயே செலவாகிவிடும் போலிருக்கிறது.

மற்றவர்கள் முன்னால் கை நீட்டமாட்டான். அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. லாரி ஓட்டும் அண்ணனிடம் போனில் அழுதபோது, "ஒயின மோந்து மோந்து பாத்துக் குடிக்கிற மனுஷன் பாப்பா அவரு. நீதான் சின்ன விஷயத்தப் பெருசாக்குற" என்று போனை வைத்துவிட்டான். போய்ச் சேர அவளுக்கு வேறு வீடு இல்லை. கண்ணால் பார்த்துவிட்டால் அண்ணன் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். இன்றைக்குச் சாப்பிட வந்திருக்கிறான். அதனால்தான் அகலக் கிளாஸ்.

கணவன் கிளாஸைப் பார்த்தான். "இது செவப்புக்கு. மாத்திட்டு வாம்மா" என்றான் ஹோட்டல் குரலில். அந்த 'ம்மா' அண்ணனுக்காக.

"எதுல குடிச்சா என்னங்க, வயித்துக்குள்ளதான போகுது" என்று பாட்டிலைச் சாய்த்து விளிம்பு வரை ஊற்றினாள்.

அவன் எழுந்ததை அவள் பார்க்கவில்லை. முடியைப் பிடித்து இழுத்து முகத்தை மேஜையில் மோதினான். கன்னத்துக்கு அடியில் ஒரு கிளாஸ் நொறுங்கியது. மறுபடி மோதினான். ஒயினும் ரத்தமும் சேர்ந்து வாயில் புளித்தன. உயிர் போகிற வலி. அதிலும் ஒரு சந்தோஷம், அண்ணன் பார்த்துவிட்டான்.

"விடுங்க மாப்ள, விடுங்க" என்று அண்ணன் வந்து கையை விலக்கினான். பிறகு அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னான்: "அவருதான் சொல்றாருல்ல பாப்பா. அந்தச் சின்ன கிளாஸ எடுத்துட்டு வந்தா என்ன?"

அடி விழுந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது.

"எடுத்துட்டு வரேன்" என்றாள்.

அலமாரி வாசல் கதவை ஒட்டி நின்றது. முதலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு அலமாரியின் முதுகுப் பக்கம் கையைக் கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். சின்ன வாய், ஒல்லி, அகலம் எல்லாம் ஒரே சத்தமாகக் கொட்டி மேஜைக்கால் வரை சிதறின. கெட்ட வார்த்தையோடு பாய்ந்த கணவன் இரண்டாவது எட்டிலேயே அலறினான். அவள் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவன் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தான், தரை சிவந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் அண்ணன், அவனும் வெறுங்காலோடு, இரண்டு கைகளையும் நீட்டியபடி, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான்.