மூன்றாவது புதர்

எங்கள் பிரியாணிக் கடைச் சுவரில் முப்பது வருடமாக ஒரு பலகை ஓவியம் தொங்குகிறது. மலைக்கோட்டை, அதன் கீழே வயல், வரப்பில் மூன்று புதர்கள். ஆள் நடமாட்டமே கிடையாது. கடைகளுக்கு போர்டு எழுதிய பவுல்ராஜ் அண்ணன் வரைந்தது. "தூசி தட்டுங்க பாய், தண்ணி மட்டும் படக் கூடாது" என்று என் அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இப்போது இருவருமே இல்லை. நாங்கள் இன்றுவரை அதை நனைத்ததில்லை.

பேராசிரியர் மணிமாறன் சாப்பிட வந்தவர், காய்ந்த கையோடு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் நூற்றெண்பது பக்கத்துக்குப் புத்தகம் போட்டுவிட்டார். வெளியீட்டு விழாவும் எங்கள் கடையிலேயே. வந்தவர்களுக்குப் பிரியாணி நான்தான் போட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"வானம் ஏன் மங்கியிருக்கிறது?" என்று மைக்கில் கேட்டார். "உலகமயமாக்கலில் மூச்சுத் திணறிய ஒரு கலைஞனின் மனம் அது."

அது எங்கள் அடுப்புப் புகை.

"வயலில் ஏன் ஒரு பெண்கூட இல்லை? மனைவி விட்டுப் போன துயரம். நான்காம் அத்தியாயம் முழுவதும் அதுதான்."

கடைசி வரிசையில் லூர்தம்மாள் மதினி எழுந்து நின்றார். பவுல்ராஜ் அண்ணனின் மனைவி. புருஷன் பேரில் விழா என்று சாணார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவர். அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கடைசிவரை கஞ்சி ஊட்டியவர்.

"நான் விட்டுட்டுப் போனேன்னு யாரு சார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. படம் சொல்லுது."

"எங்கூருல நாலு பேரு இதப் படிச்சா நான் எப்பிடி வெளிய தல காட்டுவேன்? அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

"அதை எடுத்தா புத்தகமே நிக்காதும்மா" என்றார், ரொம்ப மரியாதையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கி நடந்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் அத்தாவும் கடை ஆட்களும் இந்த ஹாலில்தான் தொழுவார்கள். அண்ணன் வயலில் ஒரு பெண்ணை வரைந்திருந்தார். தொழுகிற இடத்தில் ஆள் உருவம் வேண்டாமே என்று அத்தா கேட்டுக்கொள்ள, அண்ணன் சிரித்தபடி மூன்றாவது புதரை வரைந்து மறைத்தார். இப்போது தொழுகைக்கு மாடியில் தனி அறை இருக்கிறது.

"அது உங்க ஞாபகம், ஹாமித். இது ஆய்வு" என்றார் பேராசிரியர்.

மதினி மேசை துடைக்கும் துணியைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தார்.

"பலகைய இறக்குப்பா ஹாமித்து. அந்தப் புதரு மட்டும் தண்ணிப் பெயிண்டு. உன்னைய அழிக்க மனசு வரலன்னு எங்கிட்டச் சொன்னாரு."

தண்ணீர் படாமல் இத்தனை வருடம் எதைக் காத்தோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பலகையை இறக்கி மேசையில் வைத்தேன்.

புதர் கரைந்து வழிந்தது. முதலில் சிவப்பு முந்தானை தெரிந்தது. பிறகு தூக்குவாளி பிடித்த கை. பிறகு முப்பது வயது லூர்தம்மாளின் முகம். மதினி அதைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

பேராசிரியர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மனைவி திரும்பி வருகிறாள்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அற்புதம். இரண்டாம் பதிப்பில் ஐந்தாம் அத்தியாயம்."

மதினி துணியைப் பிழிந்து மேசையில் வைத்தார்.

"போனாத்தானே சார் திரும்பி வர?"