எங்கள் நிறத்து மாதா

என் அண்ணன் மிக்கேல்ராஜ் சாமியாராவதற்குக் குருமடத்தில் படிக்கிறான்; ஊருக்கு அவன் 'பிரதர்'. லீவுக்குச் சின்னக்கானல் வந்தவன், எஸ்டேட் கோயிலின் மாதா சுரூபத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று தானாகப் போய் நின்றான். அடித்து முடித்தபோது மாதாவின் முகம் அசல் என் நிறத்தில் இருந்தது. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பியைக் குடித்துவிட்டு, "புள்ள கறுப்பா இருக்கு" என்று எழுந்து போன அதே நிறம்.

"கடவுள் அடிமைப்பட்டவங்க பக்கம் நிக்கிறாருன்னா அவரும் கறுப்புதான்னு அமெரிக்காவுல கறுப்பின இறையியல்காரங்க சொன்னாங்க" என்றான் அண்ணன். "தென்னாப்பிரிக்காவுல, மொதல்ல நாம மட்டம்ங்கிற நெனப்பு நம்ம மண்டைய விட்டுப் போகணும்னாங்க. ரெண்டும் சேந்தாத்தான் விடுதலை."

"ரெண்டாவதுக்கு எந்தக் கடையிலண்ணே பெயின்ட் விக்கிறான்?" என்று கேட்டேன். முறைத்தான். வாய்தான் அப்படிப் பேசியது. அந்த முகத்தை எஸ்டேட் லயத்து வீடுகளின் ஜனங்கள் கும்பிடுவதைப் பார்த்துவிட மாட்டோமா என்று உள்ளுக்குள் தவித்தேன்.

ஜெபமாலை மாதத்தில் மாதா தினம் ஒரு வீட்டுக்குப் போவாள். முதல் முறை சின்னமுத்து அண்ணன் வீடு. நாங்கள் சுமந்துகொண்டு போனோம். அவர் பார்த்தார், கையை நீட்டவே இல்லை.

"வீட்ல வேலை கெடக்கு பிரதர். பொறவு பாப்பம்."

அடுத்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாம். அதற்கடுத்த வீட்டில் உள்ளே டிவி ஓடியது, கதவு திறக்கவில்லை. எல்லாரும் எங்களைப் போலவே தேயிலைக் காட்டில் கறுத்த ஜனங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம வீட்டுக்கே கொண்டு போயிருவோம்ணே" என்றேன்.

அம்மா மறுக்கவில்லை. மேசையைத் துடைத்து, மாதாவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி முழங்காலிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அம்மாவாவது ஏற்றுக்கொண்டாளே!

அண்ணன் ஜெபத்தைத் தொடங்கினான்.

"செத்த பொறுடா" என்று அம்மா எழுந்துபோய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தில் அப்பிய டப்பா. உள்ளங்கையில் கொட்டி, மாதாவின் நெற்றியிலும் கன்னத்திலும் பாசத்தோடு பூசினாள்.

"நாலு பேரு வந்து பாக்குற புள்ள. இப்படியாடா விடுவ?"

அண்ணன் ஜெபமாலையை மேசையில் வைத்துவிட்டான்.

அம்மா கையில் மிச்சமிருந்த பவுடரோடு என் பக்கம் திரும்பினாள். நான் பழக்கத்தில் முகத்தை நீட்டினேன்.