பரோல்

மாலை ஆறு மணிக்குள் தம்பி சிறை வாசலில் நிற்க வேண்டும். இப்போது மணி நாலரை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் போனை எடுக்கவே இல்லை.

அக்காவுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எழுத வேண்டும். வேண்டுமென்றே வைத்ததுபோல அன்றைய பட்டியலில் 'பரோல்' இருந்தது. லத்தீனில் அது 'பரபோலா', அதாவது உவமைக் கதை. ஜனங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து, பிரெஞ்சில் 'பரோல்' என்றாகி, வெறும் 'சொல்' என்ற பொருளில் நின்றது. போரில் பிடிபட்டவன், ஓடமாட்டேன் என்று கொடுத்த சொல்லாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

அம்மாவின் ஆபரேஷனுக்காகத் தம்பியை மூன்று நாள் பரோலில் வெளியே விட்டிருந்தார்கள். பிணைக் கையெழுத்து அவள் போட்டது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

"என்னம்மா, ஒரு வார்த்தைக்கு ஒரு நாளா?" என்றார் அகராதியின் பதிப்பாசிரியர். "பார்லிமென்ட்டும் இதே 'பேச்சு' வம்சந்தான்னு சேத்துக்குங்க. படிக்கிறவன் சிரிப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதையும் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.

ஐந்து நாற்பதுக்குச் சிறை வாசலில் ஒருவரும் இல்லை.

"இன்னும் வரலம்மா," என்றார் காவலர். "ஆறு தாண்டுச்சுன்னா நான் மேல சொல்லியாகணும்."

அம்மா போன் செய்தாள். "போய்ச் சேந்துட்டானா?"

"பக்கத்துலதாம்மா நிக்கிறான்."

ஒவ்வொரு பஸ் நின்றபோதும் இறங்குகிறவர்களை எட்டிப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்தாறுக்கு, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, தம்பி ஓடிவந்தான். அவள் அவன் காலரைப் பிடித்தாள்.

"எங்கடா போனே?"

"வெளியூர் பஸ் ஏறிட்டேன்கா." மூச்சு இரைத்தது. "பாதி வழியில இறங்கிட்டேன். நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தே. எடுத்தா அழுதுருவேன்னு எடுக்கல."

அறையத் தூக்கிய கை அவன் தோளில் இறங்கியது. "இறங்கினியே, போதும். உள்ள போ."

காவலர் நேரத்தைக் குறித்துக்கொண்டு சின்னக் கதவைத் திறந்தார். அவன் தலைகுனிந்து உள்ளே போனான். அவள் மதிலோரம் அப்படியே உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இப்பதாம்மா உள்ள போனான்."

"அப்ப முன்னாடி சொன்னது?"

"பொய்ம்மா."

"தெரியும்," என்றாள் அம்மா. "நீ வா."