கீழ்க்கட்டில் வக்கீல்

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் பாலகுரு வெகுகாலமாக நாட்டாமை. சமையல் முறை தவறியவன், அடுத்தவன் சோப்பைத் தேய்த்தவன் எல்லாரும் வெள்ளிக்கிழமை அவன் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். வீரபாண்டி வந்ததும் அந்தக் கூட்டம் மொத்தமும் இடம் மாறிவிட்டது.

வீரபாண்டி மதுரையில் சட்டம் படித்து, வழக்கு எதுவும் வராமல், ஸ்டோர் கீப்பராக விமானம் ஏறியவன். ஜன்னலோரக் கீழ்க்கட்டிலில் சம்மணம் போட்டு இரண்டு பக்கமும் கேட்பான். அவன் தீர்ப்பில் தோற்றவனும் சிரித்துக்கொண்டே போவான். பாலகுருவுக்கு வயிறு எரிந்தது. தான் தீர்ப்பு சொன்ன காலத்தில் ஜெயித்தவன்கூடச் சிரித்ததில்லை.

கம்பெனி பஸ்ஸில் ஏசி ஓடாததைப் பற்றி வீரபாண்டி முதலாளியிடமே வாதாடி ஜெயித்துவந்த அன்று, ரூமே அவனைத் தோளில் தூக்கியது. பாலகுரு மேல்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இவனை எப்படியாவது ஊருக்குக் கிளப்ப வேண்டும்.

ஊரில் தேர்தல் வந்தது.

“ஒனக்கிருக்க வாய்க்கு நீ இங்கன கெடக்குற ஆளாடா? எம்.எல்.ஏ.வுக்கு நில்லு. கேம்ப்புல முக்காவாசிப் பேரு நம்ம தொகுதிதான்” என்றான் பாலகுரு. டெபாசிட் போனால் வெட்கத்தில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று கணக்கு.

“நெசமாவாண்ணே?” என்று கண்கலங்கிய வீரபாண்டி, அந்த மாதமே விசாவைக் கேன்சல் அடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

ரூமில் ஜன்னலோரம் மட்டும்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே வரிசையில் நின்று ஆளாளுக்கு வீட்டுக்குப் பேசி வீரபாண்டிக்கு ஓட்டுக் கேட்டார்கள். பாலகுருவும் நின்றான்.

“அவனுக்கு மட்டும் போட்றாத” என்றான் மனைவி நாகவள்ளியிடம்.

“நீங்கதான அவர நிக்கச் சொன்னீக? மேடைக்கு மேடை ஒங்க பேரச் சொல்றாரு. நான் போடாம இருந்தா ஊரு சிரிக்காதா?”

வீரபாண்டி எம்.எல்.ஏ. ஆகிவிட்டான். போகட்டும், அவனுடைய ஜன்னலோரக் கட்டிலாவது மிஞ்சியதே என்று பாலகுரு மெத்தையைக் கீழே இறக்கினான். வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கூட்டமும் வந்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதே ரூமில் இருக்கும் வாசு செல்போனோடு முன்னால் வந்தான்.

“அண்ணே, செத்த எந்திரிங்க. எம்.எல்.ஏ. லைன்ல இருக்காரு. தீர்ப்பு சொல்லப் போறாரு, இங்கனதான டவர் கெடைக்கிது.”

பாலகுரு எழுந்தான். செல்போனை அவன் தலையணைமேல் வைத்துவிட்டு, எல்லாரும் அதைப் பார்த்து மரியாதையாக உட்கார்ந்தார்கள்.