கேட்காமல் வெட்டிய கம்பி

கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாக் கம்பியை வெட்டிய பிறகுதான் கீழேயிருந்து, இறந்துபோன சாரின் மனைவி குரல் கொடுத்தார்.

"ஐயோ தம்பி, அதுக்குள்ள வெட்டிட்டியா? அவரோட ஹாம் ரேடியோ சிநேகிதங்க இப்ப அவரைப் பத்திப் பேசப்போறாங்களாம். கேட்டுட்டுக் கழட்டலாம்னு இருந்தேனே!"

சாருக்காக வழக்கமாகக் கம்பம் ஏறுகிறவன் வெட்டிய முனையைப் பார்த்தான். வீட்டு ரேடியோவிலிருந்தே எங்கெங்கோ இருப்பவர்களோடு பேச விதவிதமாக ஆன்டெனா கட்டிச் சோதித்தவர் சார். "என்னைக் கேக்காம விரல் அளவுகூட வெட்டாதடா, தடியா" என்று கீழே நின்று கத்துவார். இன்று கேட்க அவர் இல்லை, கேட்காமலே வெட்டிவிட்டான்.

கயிற்றில் தொங்கிய முனையை இழுத்து, சுரண்டி, வெட்டிய இடத்தில் மறுபடி முறுக்கிக் கட்டினான்.

"ரேடியோ கேக்குது! உள்ள வா தம்பி" என்றார் சாரின் மனைவி.

சாரும் இப்படித்தான் கூப்பிடுவார். "வேலை கிடக்கு சார், இன்னொரு நாள் வர்றேன்" என்று ஒவ்வொரு முறையும் நழுவியிருக்கிறான். இன்றுதான் அந்த அறைக்குள் வந்து, சாரின் நாற்காலியைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தான்.

"அந்தாள் புது ஆன்டெனா கட்டுனா பக்கத்து வீட்டுக் குருவிங்ககூட வீடு மாத்திடும்யா" என்றது ரேடியோவில் ஒரு குரல். எங்கெங்கோ இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கடைசியாக ஒருவர், ரேடியோவில் சாரின் பெயராக இருந்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

"சரியா இருக்கா சார்?" என்று கம்பத்தின் மேலேயிருந்து வழக்கமாகக் கேட்பது அவன் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.